உப்புக் காற்றில் ஒரு சிறிய படப் பிரிண்டர்

தங்கையின் மகன் முதல் கமராவை வாங்கி, திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களையும் உப்புவெளிக் கடற்கரையையும் நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவித்த பின்னர், வீட்டிலேயே படம் அச்சிட எந்தப் பிரிண்டர் நல்லது என்று என்னிடம் கேட்டான். நான் கனன் செல்பி சீபி 1500 என்ற சிறிய கருவியைச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் அது தன்னைத்தானே படமெடுக்கும் கருவி என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. அவன் அதை வாங்கிச் சில மாதங்களாகின்றன. அச்சிடும்போது பெரும்பாலும் நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

நான் அதைச் சொன்னதற்குக் காரணம் என் சொந்தப் பிழைதான். முன்பு மைத்தொட்டி வைத்த ஒரு பிரிண்டரை, ஒரு படத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்ற கணக்கை நம்பி வாங்கினேன். கணக்கு சரியானதே, ஆனால் அது தொடர்ந்து அச்சிடுபவருக்கான கணக்கு. நானோ கோயில் திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் அச்சிடுபவன். இரண்டு மாதம் சும்மா கிடந்த பிரிண்டரின் நுண்துளைகளில் மை காய்ந்து, அடுத்த முறை எல்லா முகங்களிலும் கோடு விழுந்தது. துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில், படத்துக்குப் போக வேண்டிய மையில் பெரும் பகுதி கழிவுப் பஞ்சுக்குப் போயிற்று. மாரி காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது: கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தாள் சுருண்டது, அச்சிட்ட படம் காய நேரமெடுத்தது, அவசரப்பட்டு அல்பத்தில் செருகிய இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

செல்பியில் திரவ மை இல்லை. மஞ்சள், மெஜென்டா (ஊதா கலந்த சிவப்பு), சயன் (பச்சை கலந்த நீலம்) ஆகிய நிறங்கள் பூசிய மெல்லிய நாடாவை வெப்பத் தலை சூடாக்க, சாயம் ஆவியாகித் தாளின் பூச்சுக்குள் இறங்குகிறது. இறுதியாக நிறமற்ற ஒரு காப்புப் படலம் மேலே படிகிறது. இதற்காகத் தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வருவதால், கருவியின் பின்புறத்தில் தாளின் நீளத்துக்கு இடம் விட வேண்டும்; சுவரோடு ஒட்டி வைத்தால் தாள் இடித்து நிற்கும். அஞ்சலட்டை அளவுப் படமொன்றுக்கு 41 வினாடி ஆகும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. படம் காய்ந்தே வெளிவருகிறது. ஈரக் கையால் தொட்டாலும் நிறம் கலையவில்லை. மாதக்கணக்கில் எடுக்காமல் வைத்தாலும் அடைத்துக்கொள்வதற்கு அதில் எதுவும் இல்லை என்பதே, இடையிடையே மட்டும் அச்சிடும் தொடக்கநிலையாளருக்கு இதன் பெரிய நன்மை.

குறைகளும் உண்டு. அளவு 100 க்கு 148 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. ஒரு நாடா 36 படங்களோடு முடியும், மீள நிரப்ப முடியாது. வெள்ளை வானத்தை அச்சிட்டாலும் இருண்ட இரவை அச்சிட்டாலும் செலவு ஒன்றே. 108 தாளும் மூன்று நாடாவும் சேர்ந்த பொதியின் விலையை 108 ஆல் வகுத்துப் பார்த்துவிட்டே கருவியை வாங்க வேண்டும். இங்கே பெரும்பாலும் கொழும்பிலிருந்தே பொதியை வரவழைப்பதால், கடைசி நாடாவைப் போடும் அன்றே அடுத்ததைச் சொல்லிவைப்பது உசிதம். உள்ளே மின்கலம் இல்லை. அச்சிடும் நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தாள் வீண். நாடாவில் தூசியோ மணலோ படிந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். நிலாவெளியிலிருந்து வந்த கையோடு பெட்டியைத் திறந்த மருமகன் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டான்.

கமராவின் 3:2 விகிதம் இந்தத் தாளுக்கு ஏறக்குறைய பொருந்தும். கைத்தொலைபேசியில் கிடையாக எடுத்த 4:3 படமோ மேலும் கீழும் வெட்டுப்படும். கோணேசர் கோயிற் கோபுரத்தை விளிம்பு வரை நிரப்பி எடுத்தவனுக்குக் கலசம் போனது அப்படித்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இந்த அளவுக்கு ஏறத்தாழ இரண்டு மெகாபிக்சலே போதும் என்பதால், அதிக மெகாபிக்சல் தேடிக் கமராவை மாற்ற வேண்டியதில்லை. திரை தானே ஒளிர்வது, தாள் அப்படியன்று. ஆகவே படத்தைச் சற்றே வெளிச்சமாக்கி அச்சிட்டால் நிழலிலுள்ள முகம் தெளிவாகும்.

ஏ4 அளவில் சட்டம் போட்டு மாட்ட விரும்புபவர், வாரந்தோறும் அச்சிடுவாரானால், எப்சன் எல் 8050 போன்ற ஆறு நிற மைத்தொட்டிப் பிரிண்டரைப் பார்க்கலாம். அதில் கூடுதலாகவுள்ள வெளிர் சயனும் வெளிர் மெஜென்டாவும் வானத்திலும் தோல் நிறத்திலும் பொட்டுப்பொட்டாகத் தெரிவதைக் குறைக்கும். லேசர் பிரிண்டர் இந்த வேலைக்கு ஆகாது. மைப் பிரிண்டருக்கான பளபளப்புத் தாளை அதற்குள் செலுத்தினால் பூச்சு உருகி உருளையில் ஒட்டக்கூடும்.

செல்பி வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். முடிந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்தால், அச்சிட்ட ஒவ்வொரு படமும் நிறத்துக்கு ஒன்றாக அதில் பழைய பிலிம் நெகற்றிவ் போல எதிர்ப்படமாகத் தெரியும். குடும்பப் படங்கள் இருந்த முதல் நாடாவை அவன் அப்படியே குப்பைக் கூடையில் போட்டிருந்தான். என் தங்கை அதை எடுத்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிய பின்னரே வீசினாள்.