கிரிக் மேட்டுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய டயர்க் கடை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளந்தானுக்குக் காடியில் (காரில்) கிளம்புகிறவர்கள் கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று ஏறி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாக ஜெலியில் இறங்குவார்கள். 1982இல் திறந்த இந்தச் சாலையில் கிரிக்கைத் தாண்டினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மேடும்தான். பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. அங்கே டயர் போனால் காடியின் பின்பெட்டியான பூட்டில் இருக்கும் ஸ்பேர் டயர்தான் துணை. அதனால் சுங்கை சிப்புட் பட்டணத்தில் உள்ள இந்தப் பழைய டயர்க் கடைக்கு ஒருமுறை போய்விட்டுக் கிளம்புவது நல்லது.

முள் எடுப்பதில்தான் இந்தக் கடைக்குப் பேர். செம்பனை மட்டை முள் டயரில் ஏறி ஒடிந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் காற்று மெல்ல இறங்கும். வெறுமனே காற்றடித்து அனுப்பும் வேலை இங்கே இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி, கொப்புளம் வரும் இடத்தில் சாக்பீசால் குறி போடுகிறார்கள். பிறகு டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைக்கிறார்கள். முள் நுனி நூலில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி, ரப்பரைச் சுரண்டி, உள்ளிருந்தே ஒட்டுகிறார்கள். வெளியிலிருந்து திணிக்கும் ரப்பர் திரியைவிட நெடுந்தூரத்துக்கு இதுதான் உறுதி. பக்கவாட்டில் ஓட்டை என்றால் ஒட்ட மறுத்துவிடுவார்கள். அது சரியே, ஓடும்போது மடங்கி மடங்கி நிமிரும் இடம் அது, ஒட்டு நிற்காது.

கேட்காமலே ஸ்பேர் டயரையும் வெளியே எடுக்கிறார்கள். மெல்லிய தற்காலிக டயருக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மற்ற டயர்களின் அளவுக்கே அடித்து வைத்தால் மாட்டியதும் சப்பிப்போகும். தயாரிப்புத் தேதியையும் படித்துக் காட்டுவார்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். ஓடாத ஸ்பேரில் பூ (தரையில் படும் வரிப்பள்ளம்) புதிதாகவே இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஓரளவுக்கு ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கத்தை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையில் முடிக்கிறார்கள். துப்பாக்கியாலேயே முழுக்க இறுக்கினால், பூட்டில் கிடக்கும் சின்ன ஸ்பேனரால் நடுக்காட்டில் அசைக்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

குறை என்றால், சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் மெஷின் இல்லை. சனிக்கிழமை காலையில் கூட்டம். அவசரப்படுத்தினால் துணி போட்டுத் தேட நேரம் இருக்காது. கிளம்புவதற்கு முதல் நாளே போங்கள். ஒட்டிய டயரில் ஒரு ராத்திரி காற்று நிற்கிறதா என்று தெரிந்துவிடும். காலையில் டயர் சூடேறுமுன் அளந்து, கதவோரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்ன போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு வையுங்கள்.

காடிக்கு எண்ணெயை (பெட்ரோலை) கிரிக்கிலேயே முழுக்க நிரப்பி, பசியாறிவிட்டு ஏறுங்கள். பனிமூட்டமும் யானையும் இருப்பதால் இருட்டுமுன் மேட்டைக் கடந்துவிட வேண்டும். யானை நின்றால் தள்ளியே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், பெரிய விளக்கைப் போடாமல் காத்திருங்கள். வளைவில் டயர் போனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். நேரான இடம் வரை மெதுவாக உருட்டிப் போங்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, பின்னால் வரும் லோரிக்கு வளைவில் உங்கள் காடி தெரியாது.