வாடகை வீடு வைத்திருப்பவர்களுக்கு: எங்கள் சிபிஏவிடம் மூன்று வருட அனுபவம்

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் எங்களுக்கு நான்கு வாடகை வீடுகள் இருக்கின்றன. என் கணவருக்கு ஐடி வேலை, நான் 2023 ஜூன் வரை ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் முழுநேரம் இருந்தேன். வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்க விடும் 'ரியல் எஸ்டேட் புரொஃபஷனல்' என்ற வரித் தகுதி நமக்குக் கிடைக்குமா என்று நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள், வரும் பதில்களில் பாதி தப்பு. அதே தப்பை நாங்களும் செய்து பணம் கட்டியதால், பிறகு அதைச் சரிசெய்து கொடுத்த சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) அம்மாவைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். தனியாளாக நடத்துகிறார், பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எப்படி வேலை செய்கிறார் என்று சொல்கிறேன், நீங்கள் போகிற இடத்திலும் இப்படிச் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 2022 கணக்கு. அதை வேறொருவர் போட்டார், 350 டாலர். அந்த வருடம் வட்டி, ரிப்பேர், தேய்மானம் எல்லாம் போக வாடகையில் சுமார் 38,000 டாலர் நஷ்டம், அதை அப்படியே எங்கள் சம்பளத்தில் கழித்துவிட்டார். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, உங்கள் கணவரை ரியல் எஸ்டேட் புரொஃபஷனல் என்று போட்டிருக்கிறேன், நாளுக்கு இரண்டு மணி நேரம் வாடகை வீடுகளின் வேலை பார்த்ததாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நாங்களும் நம்பினோம், பெரிய ரீஃபண்ட் வந்தது, அதோடு அதை மறந்துவிட்டோம்.

அடுத்த வருடம் இந்த அம்மாவிடம் போனபோது பழைய ரிட்டர்னைப் புரட்டி, வாடகைக் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் இ படிவத்தின் 43-ஆம் வரியில் விரலை வைத்து, "இவருக்கு ஆபீஸில் வருடத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். வாரம் 40, அதாவது 2,080, லீவு போக ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கும் என்றோம். "அப்படியானால் வாடகை வீடுகளுக்கு அதைவிட ஒரு மணியாவது அதிகம் உழைத்திருக்க வேண்டும். உழைத்தாரா?" என்றார். என் கணவர் பதில் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு மணி கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார்: 365 நாளும் ஒரு நாள் விடாமல் எழுதினாலும் 730தான் வரும், சட்டம் கேட்பது 750க்கு மேல்.

குழப்பம் எல்லாம் இங்கேதான் என்பதால் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1986 வரிச் சட்டத்தில் வாடகை வருமானத்தை 'பாசிவ்' (நேரடி உழைப்பில்லாமல் வருவது) என்று ஒதுக்கிவிட்டார்கள், அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீட்டு நிர்வாகத்தில் நீங்களே முடிவெடுத்துக் கலந்துகொண்டால் 25,000 டாலர் வரை கழிக்க ஒரு சலுகை உண்டு, ஆனால் வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் அது குறைய ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் பூஜ்யமாகிவிடும். இரண்டு பேரும் சம்பாதிக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் அது கிடைக்காது. இந்தத் தொழிலிலேயே முழுமையாக இருப்பவர்களுக்காக 1993-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள், 1994 வருடக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிபந்தனை இரண்டு. ரியல் எஸ்டேட் வேலையில் வருடம் 750 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டும், மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் அதிலேயே போயிருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டாலும் இந்த இரண்டையும் ஒரே ஆள் தனியாக முடிக்க வேண்டும், இவருடைய 400 மணியையும் அவருடைய 400 மணியையும் கூட்டிக் காட்ட முடியாது.

2022 ரிட்டர்னைத் திருத்திப் போடுங்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது. வரி மட்டும் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல், வட்டி தனி. ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறையிடமிருந்து கடிதம் வருவதற்கு முன் நாமே 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தைப் போட்டுக் கட்டிவிட்டால் 20 சதவீத அபராதம் வராது, அவர்கள் கண்டுபிடித்தால் அதுவும் சேரும் என்று விளக்கினார். கட்டினோம். அந்த நஷ்டம் எங்கேயும் போய்விடவில்லை, ஃபார்ம் 8582-இல் அடுத்தடுத்த வருடங்களுக்கு ஏறி வருகிறது, வாடகையில் லாபம் வரும்போதோ வீட்டை விற்கும்போதோ கழியும் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

சரி, 2023. ஜூனில் வேலையை விட்டேன், இனி நான்தானே வீடுகளைப் பார்க்கிறேன், எனக்குத் தகுதி இருக்கிறது என்ற தைரியத்தில் டைரியோடு போனேன். வாடகை வீடுகளின் வேலை மொத்தம் 690 மணி, ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவமனையில் ஆயிரத்துக்குப் பக்கம். இரண்டு நிபந்தனையிலும் தேறவில்லை, இந்த வருடம் கிடையாது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். நீட்டிப் பேசினால் வளைந்து கொடுப்பாரோ என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. அன்று கோபமாகத்தான் வெளியே வந்தேன், ஆனால் இவரிடம் தொடர்ந்து போவதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

2024-இல் வேறு வேலையே இல்லை. கார்லண்டில் உள்ள வீடு மார்ச்சில் காலியானது, குடியிருந்தவர்கள் தரையையும் சமையலறையையும் ரொம்பவே பாழாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பது வாரம் நானே நின்று தரை மாற்றி, பெயின்ட் அடித்து, புதுக் குடித்தனத்துக்கு விளம்பரம் போட்டு, ஆட்களைப் பார்த்து ஒப்பந்தம் எழுதினேன். வருடக் கடைசியில் என் நோட்டில் 846 மணி. அதை வாங்கி ஒரு சனிக்கிழமை முழுக்க வரிவரியாகப் பார்த்தார், கையில் பென்சில். யூடியூபில் ரியல் எஸ்டேட் பாடம் பார்த்த 31 மணியை அடித்தார், ஸில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளத்தில் அடுத்த வீடு தேடிய 28 மணியும் போனது, அது முதலீட்டாளராகச் செய்த வேலையாம். 'டெனன்ட் கூப்பிடலாம் என்று வீட்டிலேயே இருந்தேன், 16 மணி' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருந்த நேரம் உழைப்பு ஆகாது என்று 2010-லேயே வரி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது என்று சொல்லி அதையும் அடித்தார். மிஞ்சியது 771.

"இது தேறும், ஆனால் மெல்லிய நூல், ஒவ்வொரு மணிக்கும் சாட்சி வை" என்றார். அன்றே எழுதிய டைரிதான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமான எந்த ஆதாரமும் போதும். ஆனால் ஆடிட் வந்த பிறகு உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதியதை நீதிமன்றம் ஏற்பதில்லை. அதனால் ஹோம் டிப்போ கடை ரசீது, பிளம்பருக்கு அனுப்பிய மெசேஜ், சுங்கச் சாலைக்கான டோல்டேக் கணக்கில் விழுந்த நேரம் எல்லாவற்றையும் தேதிவாரியாக நோட்டோடு ஒட்ட வைத்தார். ஏப்ரல் 9 காலை ஆறே முக்காலுக்கு வாட்டர் ஹீட்டர் வெடித்ததாகக் குடியிருப்பவர் அனுப்பிய போட்டோ, அதற்கு நேராக என் கையெழுத்தில் 'மூன்றேகால் மணி', பக்கத்தில் வால்வு வாங்கிய ரசீது. இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது அந்த ஃபைல்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. 750 முடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக 'மெட்டீரியல் பார்ட்டிசிபேஷன்', அதாவது கணிசமாக உழைத்ததைக் காட்ட வேண்டும், 500 மணி என்பது அதற்கான வழிகளில் ஒன்று. நான்கு வீட்டுக்கும் அப்படிக் காட்ட யாரால் முடியும்? எல்லா வீட்டையும் ஒரே தொழிலாகக் கணக்கிடுகிறோம் என்று ரிட்டர்னோடு ஒரு அறிக்கை இணைக்கலாம், அவர் இணைத்தார். இந்த இடத்தில் மட்டும் கணவர் உழைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெயின்ட் அடித்தது வீண்போகவில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் சிபிஏ இதன் பாதகத்தையும் சொன்னார்: ஒருமுறை சேர்த்தால் வரும் வருடங்களுக்கும் அதுதான், பிறகு ஒரு வீட்டை மட்டும் விற்றால் அந்த வீட்டின் பழைய நஷ்டம் முழுதாக விடுபடாது. இதையெல்லாம் முன்னால் பார்த்தவர் வாயே திறக்கவில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன், 2022, 2023-இன் நஷ்டம் இப்போது தகுதி வந்துவிட்டதால் சம்பளத்தில் கழியாது, பழையது பழையபடிதான்.

குறைகள் உண்டு. 1,800 டாலர் வாங்குகிறார், எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை போன் எடுக்க மாட்டார், மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் ஆகும். எங்கள் 2024 ரிட்டர்ன் நீட்டிப்பு வாங்கி செப்டம்பரில்தான் போனது. பேப்பர் ஏற்றும் அவருடைய இணையதளம் படுமோசம், நாற்பது ரசீதை ஒவ்வொன்றாக ஏற்ற வைத்தது. காஸ்ட் செக்ரிகேஷன் செய்து, அதாவது வீட்டின் விலையைப் பாகம் பாகமாகப் பிரித்து, தேய்மானத்தை முன்கூட்டியே எடுக்கலாமே என்று கேட்டதற்கு, முதலில் ஒரு வருடம் இந்தக் கணக்கு நிற்கட்டும், விற்கும்போது அந்தத் தேய்மானத்துக்கு வரி திரும்பி வரும் என்பதையும் யோசியுங்கள் என்று தள்ளிப்போட்டார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, வேகமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இவர் ஒத்துவர மாட்டார்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே மாநில வரிக்கு இந்தத் தகுதியை ஏற்பதில்லை, வாடகை பாசிவ்தான். டெக்ஸாஸில் மாநில வருமான வரியே இல்லாததால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், கணவன் மனைவி இருவரும் முழுநேர வேலையில் இருந்துகொண்டு இந்தத் தகுதியை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் ஆபீஸ் மணிக்கணக்கைக் கேட்டாரா என்று மட்டும் பாருங்கள். கேட்காமல் சொன்னால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். போகும்போது முந்தைய மூன்று வருட ரிட்டர்ன், மணிக்கணக்கு நோட்டு, ஒவ்வொரு வீட்டின் வாங்கிய பத்திரம் மூன்றையும் எடுத்துப் போங்கள், ஆகஸ்ட் மாதம் போவது நல்லது, அப்போதுதான் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.