தேக்கா, கான்கிரீட் பிளாக்கா? பாசடினாவின் இரண்டு வீடுகள்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பாசடினா, குளிருக்குப் பயந்த அமெரிக்கச் செல்வந்தர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்து வீடு கட்டிய ஊர். அங்கே நடந்தே போகக்கூடிய தூரத்தில் இரண்டு வீடுகள் நிற்கின்றன. ஒன்று, சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் சகோதரர்கள் 1908இல் வடிவமைத்த கேம்பிள் இல்லம். சோப்புக்குப் பேர்போன பிராக்டர் அண்டு கேம்பிள் குடும்பத்தின் குளிர்கால வீடு இது. மற்றது, பழைய நூல் வணிகரான ஆலிஸ் மில்லார்டுக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் 1923இல் வடிவமைத்த 'லா மினியாச்சுரா'. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே குளிர்கால மழை. ஒன்று மரம், மற்றது கான்கிரீட். எது அழகு என்ற சண்டை ஓயாது. பழுது வந்தால் எதைச் சரிசெய்ய முடியும் என்று பார்த்தால் விடை கொஞ்சம் தெளிவாகவே கிடைக்கிறது.

கிரீன் சகோதரர்கள் கட்டடக் கலைக்கு முன்பே, பள்ளியிலேயே தச்சுவேலை படித்தவர்கள். அது வீடு முழுக்கத் தெரியும். உள்ளே தேக்கு, மகாகனி, மேப்பிள், ஓக், செடார் என ஐந்தாறு மரங்கள். பலகையை இறுக்கி ஆணி அடித்தால், ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும்போது அது பிளந்துவிடும். அதனால் திருகாணிக்கு வட்டத் துளை இல்லாமல் நீள்வாக்கில் துளை போட்டு, பலகை நகர இடம் விட்டார்கள். அந்தத் துளையை மூடும் சதுரக் கருங்காலி முளைதான் இன்று எல்லாரும் படம் எடுக்கும் 'அலங்காரம்'. நம் ஊர் ஆசாரிக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டியவர் பீட்டர் ஹால், மரச்சாமான் செய்தவர் அவருடைய சகோதரர் ஜான் ஹால். முன்கதவின் ஓக் மர வடிவக் கண்ணாடி எமில் லாங்கேயின் கை.

வெப்பத்தைச் சமாளிக்கும் விதமும் யோசித்துச் செய்தது. அகலமான கூரை இறக்கம் சுவருக்கு நிழல் தருகிறது. மாடியில் படுத்துத் தூங்கவென்றே திறந்த தாழ்வாரங்கள். உச்சி மாடி அறையின் சன்னல்களைத் திறந்தால் வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியேறிவிடும்.

இந்த வீட்டின் பலவீனமும் அந்தக் கூரை இறக்கத்தில்தான் இருக்கிறது. கைமரங்களின் நுனிகள் கூரை விளிம்பையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்கக் கம்பீரம், ஆனால் குடை இல்லாமல் நிற்பவனின் கதைதான். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டு முகத்தில். வெயிலில் விரிசல் விழும், அதில் மழைநீர் இறங்கும், பூஞ்சை பிடித்து உள்ளே பஞ்சாகிவிடும். மேலே தொட்டுப் பார்த்தால் திடமாகவே இருக்கும். கூரான முனையால் குத்தினால்தான் உண்மை தெரியும். 2003-04இல் சுமார் 35 லட்சம் டாலரில் நடந்த சீரமைப்பில் மூல மரத்தை முடிந்தவரை தக்கவைத்துக்கொண்டு, இற்ற இடங்களை எபாக்சி என்ற இறுகும் பிசின் கொண்டு கெட்டிப்படுத்தினார்கள். கெட்டதை மட்டும் தொட்டு, நல்லதை விட்டுவிடலாம் என்பதே மர வீட்டின் பெரிய வரம்.

ரைட்டின் வீட்டுக்கு வருவோம். மலிவான பொருள் என்று ஒதுக்கப்பட்ட கான்கிரீட் பிளாக்கை, சிலுவை வடிவம் பதித்த அச்சில் வார்த்து, பின்னல் துணி போலச் சுவராக்கிப் பார்த்த முதல் முயற்சி. சமதள மனையை விட்டு ஓடைப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார். கீழே சாப்பாட்டு அறை, நடுவில் இரண்டு மாடி உயர வரவேற்பறை. யூகலிப்டஸ் நிழலும் குளமும் சேர்ந்து பாழடைந்த கோயில் ஒன்றைக் கண்டுபிடித்த உணர்வைத் தரும். ரோமின் புனித பீட்டர் ஆலயத்தைவிட இதைக் கட்டியதே தனக்குப் பெருமை என்று ரைட் சொன்னார். அடக்கம் அவருக்கு என்றைக்கும் ஒத்துவராத விஷயம். 10,000 டாலருக்குப் பேசிய வேலை 17,000 வரை போனது. பள்ளத்தில் கட்டியதன் பலன், பெருமழையில் வெள்ளம் அடித்தளத்துக்குள் புகுந்தது. கூரையும் ஒழுகியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முதல் வீட்டில் பிளாக்குகளைச் சாதாரணக் கலவை வைத்தே ஒட்டினார்கள். அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டிய ஸ்டோரர், ஃப்ரீமன், என்னிஸ் வீடுகளில்தான் பிளாக் விளிம்பின் பள்ளங்களில் இரும்புக் கம்பி ஓட்டிப் பின்னினார். காகிதத்தில் அது முன்னேற்றம். ஆனால் என்னிஸ் வீட்டின் சுமார் 27,000 பிளாக்குகளுக்கு அந்த மனையிலிருந்தே தோண்டிய, மாசு கலந்த கல்மணலைச் சேர்த்தார்கள். அப்படி வார்த்த பிளாக் நீரை உறிஞ்சும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்துப் பெயரும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கமும் 2005 மழையும் சேர்ந்து அந்த வீட்டை ஆட்டிவைத்தன. 2009இல் 1.5 கோடி டாலர் விலை சொல்லி, 2011இல் 45 லட்சத்துக்குத்தான் விற்றது.

கம்பி பின்னிய வீடுகளில் ஒரு பிளாக் போனால் அதை மட்டும் கழற்ற முடியாது, கம்பி பக்கத்துப் பிளாக்கையும் பிடித்திருக்கும். புதிதாக வார்த்ததன் நிறம் பழையதோடு சேராது. மேலே நீர் தடுக்கும் பூச்சு அடித்து அடைத்தால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே தின்னும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே நிபுணர் வேண்டும்.

அதனால் குடியிருக்க, பராமரிக்க என்றால் எங்கள் ஓட்டு கிரீன் சகோதரர்களுக்குத்தான். இடம் தரும் சிலிர்ப்புக்கு மட்டும் ரைட்.

மர வீட்டுக்கு வேறொரு ஆபத்து உண்டு: அதைக் கழற்றி விற்கலாம். கிரீன் சகோதரர்களின் பிளாக்கர் இல்லத்தை 1985இல் வாங்கிய டெக்சாஸ்காரர் ஒருவர், மூல விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார். நகரம் கொதித்தெழுந்து, இப்படிக் கழற்றுவதற்கு முன் அனுமதி வேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டது. கேம்பிள் இல்லம் தப்பியதற்குக் காரணம், குடும்பம் அதை 1966இலேயே நகரத்திடமும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடமும் ஒப்படைத்துவிட்டதுதான்.

இப்படிப் பழைய வீடு வாங்குகிறவர் முதலில் மில்ஸ் சட்டத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் இந்தக் கலிபோர்னியச் சட்டப்படி, பாதுகாப்பேன் என்று குறைந்தது 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். மிச்சமாகும் பணம் கைமர நுனிகளுக்கே செலவாகிவிடும் என்பது வேறு விஷயம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: கேம்பிள் இல்லத்துக்கு முன்பதிவு செய்து வழிகாட்டியோடு உள்ளே போகலாம். மில்லார்டு வீடு தனியார் குடியிருப்பு, மணி அடிக்கக் கூடாது. ரோஸ்மாண்ட் அவென்யூ பக்கத்து வாயில் வழியாகப் பார்த்தால் மரங்களுக்கு நடுவே குளத்துப் பக்க முகப்பு தெரியும்.