349 ரூபாய்க்கு 60 நட்சத்திரங்கள்

பேரனுக்கு நாலரை வயது. காலையில் பல் துலக்கச் சொன்னால், பிரஷை வாயில் வைத்தபடியே சுவரில் பல்லி பார்க்கப் போய்விடுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள், மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் இந்த நட்சத்திரப் பலகையை வாங்கி வந்தாள். பிள்ளை ஒரு வேலையைச் செய்தால் அன்றைய கட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். காந்தம் ஒட்டும் வெள்ளைத் தகடு, 7 நாளுக்கான கட்டங்கள், 60 நட்சத்திரங்கள், அழிக்கக்கூடிய பேனா ஒன்று. விலை 349 ரூபாய். அங்கன்வாடியில் 26 ஆண்டுகள் சிலேட்டில் சாக்பீஸால் நட்சத்திரம் போட்டவள் நான். விலையைக் கேட்டதும் உறுத்தத்தான் செய்தது.

பலகையில் அச்சடித்திருந்த வேலைகள் யார் வீட்டுக்கோ எழுதியவை. மெத்தை விரிப்பைச் சரிசெய்ய வேண்டுமாம், நாய்க்குச் சாப்பாடு வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் மெத்தையும் இல்லை, நாயும் இல்லை. பழைய காலண்டர் தாளை வெட்டி, பாய் சுருட்டுதல், பல் துலக்குதல், செருப்பை ஜோடியாக விடுதல், சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுதல் என்று நான்கு வேலைகளைப் படம் வரைந்து ஒட்டினேன். சுருட்டிய பாய் முறுக்கு மாதிரி வந்துவிட்டது. அவன் இன்றுவரை அதை 'முறுக்கு வேலை' என்றுதான் சொல்கிறான்.

அடுத்த குறையை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தின் முதுகிலும் மிளகளவு காந்தம் ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் நாளே இரண்டு கழன்று தரையில் கிடந்தன. வீட்டில் தவழும் பேத்தி வேறு இருக்கிறாள். இப்படி இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், குடலின் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். பெட்டியின் அடியில் இதற்கான எச்சரிக்கை கடுகளவு எழுத்தில் இருந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். “பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை அம்மா” என்றார்கள். 60 நட்சத்திரங்களையும் எண்ணி டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து பேனாவால் புள்ளிதான்.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. பாயும் செருப்பும் தட்டும் மூன்றே வாரத்தில் பழகிவிட்டன. செருப்பைச் சேர்த்து வைத்த அந்த நிமிடமே புள்ளி வைத்துவிடுவேன். ராத்திரி மொத்தமாக வைத்தால், எதற்கு வைத்தோம் என்பதே இந்த வயதுப் பிள்ளைக்கு நினைவிருக்காது. வைத்த புள்ளியை அழிக்கவும் கூடாது. தங்கையைக் கிள்ளினான் என்று மகள் ஒருநாள் இரண்டு புள்ளிகளை அழித்தாள். சாயங்காலம் பார்த்தால் பலகை கட்டிலடியில், இல்லை, எங்களுக்குக் கட்டிலேது, அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

சாப்பாட்டுக்கும் புள்ளி வைக்கலாம் என்று மகள் கீரைக்கு ஒரு வரிசை சேர்த்ததுதான் வம்பு. மூன்றாம் நாள், “முள்ளங்கிக்கு எத்தனை புள்ளி, ஆச்சி?” என்று கேட்டான். கையிலே காசு, வாயிலே தோசை! சுவரெல்லாம் கிறுக்கும் பிள்ளைக்கு, படம் வரைந்தாலும் புள்ளி என்றாள். அதற்கும் தடை போட்டேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பின்னால் தாமாக வரையும் நேரம் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதியாகக் குறைந்ததாம். பிள்ளை தானே விரும்பிச் செய்வதற்கு எதற்குக் கூலி? இரண்டு வரிசையையும் கிழித்துவிட்டேன்.

வாரத்தில் 16 புள்ளி சேர்ந்தால், ஞாயிறு காலை வாசலில் நாலுக்கு நாலு சிக்குக் கோலம். புள்ளி வைப்பது அவன், கம்பி இழுப்பது நான். மாலையில் டவுன் பஸ்ஸில் வண்டியூர்த் தெப்பக்குளம் போய்ப் பருத்திப்பால் குடித்து வருவோம். மகளிர் என்பதால் எனக்கும், ஐந்து வயது ஆகாததால் அவனுக்கும் டிக்கெட் காசு கிடையாது. செலவு பருத்திப்பாலுக்கு மட்டும்தான்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன், அதுவும் தகட்டுக்கும் பேனாவுக்கும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை வாங்கவே வேண்டாம், காலண்டர் தாளே போதும். பல் துலக்கும் வரிசை மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பல்லியும் அதே சுவரில்தான் இருக்கிறது.