பழைய செயின் மார்ட்டைசரா, டிரில்லும் உளியுமா?

தூணையும் உத்தரத்தையும் கழுந்தும் துளையுமாகப் பூட்டி நிறுத்தும் மரச்சட்டக வேலையில் நேரத்தைத் தின்பது துளைதான். கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் மர நாக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் வைத்து நான்கு பக்கமும் அறுத்துவிடலாம். துளையோ மரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. 38 அல்லது 50 மி.மீ. அகலம், 100 மி.மீ. அல்லது அதற்கும் மேல் ஆழம், சுவர்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். இதற்காக, சுற்றி ஓடும் பல் செயினால் துளை வெட்டும் மின்கருவியான செயின் மார்ட்டைசர் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா, இருக்கும் டிரில்லையும் உளியையும் வைத்தே ஒப்பேற்றலாமா என்பதுதான் கேள்வி.

இடையில் புகும் மூன்றாவது போட்டியாளரை முதலிலேயே அனுப்பிவிடுகிறேன். சதுர உளிக்குள் துரப்பண அலகு சுழலும் மேசை மார்ட்டைசர், கதவு, நாற்காலி செய்பவர்களுக்கு அருமையான கருவி. ஆனால் மரத்தை அதனிடம் கொண்டுபோக வேண்டும். 200 மி.மீ. சதுரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள உத்தரம் 0.16 கன மீட்டர். பச்சைக் கடின மரமென்றால் நூறு கிலோவைத் தாராளமாகத் தாண்டும். சட்டக வேலையில் கருவிதான் மரத்திடம் போக வேண்டும்.

டிரில் வழியின் பலம், வாங்க வேண்டியது கொஞ்சம் என்பதே. மெதுவாகச் சுழலும் கனமான டிரில், துளையின் அகலத்துக்கேற்ற, திருகு போல முறுக்கிய ஆகர் அலகு, அகன்ற உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். வரிசையாகத் துளையிட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் தட்டி எடுத்து, சுவர்களைச் செதுக்கினால் துளை தயார். கடினம் இரண்டு இடத்தில் வரும். கணுவில் அலகு சிக்கினால் டிரில் மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் தொடக்கூடாது. அலகு கொஞ்சம் சாய்ந்து இறங்கினால், அந்தச் சாய்வைத் திருத்துவது முழுவதும் உளியின் தலையில் விழும். நேரம் போவதும் அங்கேதான்.

செயின் மார்ட்டைசர் இந்தச் செதுக்கலை ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது. மரத்தின் மேல் கருவியை இறுகப் பூட்டி, பல் கொண்ட செயின் ஓடும் பாரைக் கீழே இறக்கினால் செயினின் அகலத்திலேயே செவ்வகக் குழி விழும். துளையின் இரு முனைகளை முதலில் வெட்டிவிட்டு நடுவைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தால் பார் அந்தப் பக்கம் சாயும். கையில் பிடிக்கும் சாதாரண செயின் ரம்பத்தின் மூக்கால் இதைச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். ரம்பம் உதைத்துத் திரும்புவதே அந்த மூக்கால்தான். அந்த யோசனை வேண்டாம்.

பழைய கருவி என்று தேடும்போது மகிட்டாவின் 7104எல், ஜெர்மனியின் மாஃபெல் ஆகிய பெயர்களே அடிக்கடி கண்ணில் படும். பெயரைவிட நான் கவனிப்பது மின்னழுத்தத்தை. ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். கருவியின் விவரத் தகட்டில் எழுதியுள்ள வாட்டைவிடத் தாராளமாகத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து வரும் பழைய கருவிகளில் மும்முனை மின்சாரம் கேட்பவையும் உண்டு.

உண்மையில் நீங்கள் வாங்குவது மோட்டாரை அல்ல. செயின், பார், செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் என்ற மூன்றையும்தான். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும், தேய்வதும் சேர்ந்தே தேயும். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருக்கின்றனவா, பாரின் நுனி உருளை தடங்கலில்லாமல் சுற்றுகிறதா, செயினின் பற்களில் தீட்டுவதற்கு உலோகம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவு, 22.6, 13.7 மி.மீ. எனப் பல அளவுகளில் வரும். பல ரிவெட்டுகளைச் சேர்த்து அளந்து வகுத்தால்தான் சரியான எண் கிடைக்கும். அந்த அளவில் புதுச் செயின் இன்னும் விற்கிறதா என்று விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள். மூன்றையும் புதிதாக வாங்கும் செலவு, சில சமயம் பழைய கருவியின் விலையையே எட்டிவிடும்.

வாங்கிய பின் பொறுமையாக ஒரு முறை சரிசெய்தால் போதும். பாரின் நடுவில் செயினை விரலால் இழுத்தால் சில மி.மீ. எழ வேண்டும். அதிகம் இறுக்கினால் நுனி உருளை சூடாகும். தளர்ந்தால் செயின் தாவும். செயின் மேலேறி வெளிவரும் பக்கத்தில் மர நாரைப் பிய்க்காமலிருக்க ஒரு மரக்கட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அது தேய்ந்திருந்தால் புதிதாகச் செய்து மாட்டுங்கள். பலர் கழற்றி எறிந்துவிட்டு, துளையின் விளிம்பு பிய்கிறது என்று கருவியைக் குறை சொல்கிறார்கள். எண்ணெயும் மறக்கக்கூடாது. பாரும் மரத்தின் முகமும் இரு திசையிலும் செங்கோணத்தில் இருக்கின்றனவா என்று மூலைமட்டத்தால் பார்த்துவிட்டு, வீண்கட்டையில் ஒரு துளை போட்டு ஆழம் வரை அளக்க வேண்டும்.

அந்த ஆழத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். பாரின் மூக்கு வளைந்தது. 40 மி.மீ. அகலப் பாரின் நுனி முழு அரைவட்டமாக இருந்தால், துளையின் இரு முனைகளிலும் ஆழம் 20 மி.மீ. வரை குறையும். முனையை உளியால் வெட்டி எடுக்கலாம். அல்லது கழுந்தின் மூலைகளைச் சாய்த்துச் சீவலாம். மொத்தத் துளையையும் ஆழமாக்குவது சுலபம்தான்; ஆனால் உத்தரத்தின் பலத்தை அது தின்றுவிடும்.

செயின் கருவி தோற்கும் இடங்களும் உண்டு. பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய மரமென்றால் நான் டிரில்லின் பக்கம்தான். மறைந்திருக்கும் ஓர் ஆணி ஒரு செயினின் எல்லாப் பற்களையும் ஒரே நொடியில் மழுக்கிவிடும். டிரில்லில் போவது ஓர் அலகு. செயினைத் தீட்டுவதும் அரம் எடுத்து இழுக்கும் வேலை அல்ல: மெல்லிய சாணைச் சக்கரத்தால் ஒவ்வொரு பல்லின் உட்பக்கத்தையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். சாய்வுத் தாங்கு கட்டை நுழையும் துளையில் 45 பாகைச் சரிவை உளிதான் முடிக்கும். மர முளை அடிக்கும் துளைகளுக்கும் டிரில் வேண்டும். ஆக, மார்ட்டைசர் வந்தாலும் டிரில்லை விற்க முடியாது.

ஒரே ஒரு சிறு கொட்டகைதான் திட்டம் என்றால் டிரில்லையும் நல்ல உளியையும் வைத்துக்கொண்டு தொடங்குவேன். புது மரத்தில் பல சட்டகங்கள் காத்திருக்கின்றன, ஒரே அகலத்தில் துளைகள் நிறைய வேண்டும் என்றால், செயின் இன்னும் கிடைக்கும் மாடலாகப் பார்த்து மார்ட்டைசரை எடுப்பேன்; அன்றே உதிரிச் செயின் ஒன்றையும் வாங்கி வைப்பேன்.