காண்டாமிருக வண்டு: பாச்சா உருண்டையா, புண்ணாக்கா, பொறியா, எருக்குழியா?

தென்னம்பிள்ளையின் ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து மடங்கியிருக்கையில் துளைத்ததுதான் விரிந்தபின் இப்படித் தெரிகிறது. ஆகவே கண்ணில் படும் வெட்டு பழையது. வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று அறியக் குருத்தின் அடியைப் பாருங்கள். ஓட்டை வாயில் மென்று தள்ளிய நார் ஈரமாக இருந்தால் உள்ளே இருக்கிறது. முனை வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுத்ததும், வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து ஓட்டையை அடைத்துவிட வேண்டும். திறந்த காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அது புகுந்தால் மரமே போய்விடும்.

தடுப்புக்கு நம் குமரி மாவட்டத்து விளைகளில் (தென்னந்தோப்புகளில்) நான்கு வழிகள் பேசப்படுகின்றன.

பாச்சா உருண்டைதான் எல்லோருக்கும் தெரிந்தது. நடுக்குருத்தை ஒட்டிய மூன்று ஓலை இடுக்குகளில் ஒவ்வொன்றாக மூன்று உருண்டை, மேலே மெல்லிய மணல். 45 நாளுக்கு ஒருமுறை புதிதாக வைக்க வேண்டும். மணல் போடாவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்றில் இன்னும் சீக்கிரம். நாலைந்து பிள்ளைக்குச் சரி, அதற்கு மேல் மெனக்கெட முடியாது.

வேப்பம் புண்ணாக்கு அதைவிட நிலைத்து நிற்கும். மரத்துக்கு 250 கிராம் புண்ணாக்குத் தூள், அதே அளவு சலித்த மணல், அதே மூன்று இடுக்குகள். கட்டியாகப் போட்டால் வேலை செய்யாது, நன்றாக இடித்திருக்க வேண்டும். மணலை வெறும் நிரப்பு என்று நினைத்துக் குறைக்காதீர்கள். வண்டின் கழுத்து மடிப்பில் புகுந்து உறுத்துவது அதுதான். குமரிக்கு இரண்டு பருவமழை என்பதால் சித்திரை, புரட்டாசி, மார்கழி என்று ஆண்டுக்கு மூன்று முறை போடுவது பொருந்தும்.

வண்டை வாடையால் இழுத்து வாளியில் விழவைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்கு ஒரு வாளி போதும். நம்மிடம் இருப்பதோ இருபது சென்ட், முப்பது சென்ட். அதில் ஒன்றைத் தொங்கவிட்டால் பக்கத்து விளை வண்டையும் நாமே அழைத்ததாகும். வந்ததெல்லாம் வாளியில் விழாது, சில நம் பிள்ளையிலேயே இறங்கும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து, பிள்ளைகள் இல்லாத ஓரத்தில் வைத்தால் மட்டுமே பலன் உண்டு.

எருக்குழியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன். வண்டு தென்னையில் தின்கிறது, பிறப்பது சாணிக்குழியிலும் மக்கிய தடியிலும். வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு எருவில் நான்கு முதல் ஆறு மாதம் வளர்கிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாலே பெரும்பகுதி தீரும். கூடவே புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூசணம் (மெட்டாரைசியம்): ஒரு கன மீட்டர் எருவுக்கு 250 மி.லி. வளர்ப்பை 750 மி.லி. தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். செத்த புழு முதலில் வெளுத்து விறைக்கும், பிறகு மேலே பச்சை படியும். அதைக் கண்டால் பூசணம் பிடித்துவிட்டது என்று பொருள். காய்ந்த எருவில் பிடிக்காது, ஈரம் வேண்டும். அதே குழியில் பூசணக்கொல்லி எதையும் ஊற்றக் கூடாது.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. அப்படிச் சாயும் தென்னந்தடியை விளையிலேயே கிடத்தினால் மக்கி, எருக்குழியைப் போலவே புழுவுக்கு இடமாகும். பிளந்து விறகாக்குங்கள், அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

கை எட்டாத உயர்ந்த மரத்துக்கு மருந்து வைக்கவென்றே ஆள் ஏற்றினால் கூலி கட்டாது. தேங்காய் வெட்ட ஏறும் அன்றே, மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டுப் புண்ணாக்குக் கலவையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.