3.5 எதிர் நான்காம் பதிப்பு: ஃபைட்டர் பக்கம் நின்று ஓர் அலசல்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974-இல் பிறந்தது. அதன் பிறகு விதிப் புத்தகத்துக்கு எத்தனையோ பதிப்புகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் 2008 ஜூனில் நான்காம் பதிப்பு வந்தபோது வெறும் முணுமுணுப்போடு முடியவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆடியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி வேறு கம்பெனியின் புத்தகத்துக்கே மாறிப் போனது.

நான் நான்காம் பதிப்பின் பக்கம் சாய்கிறவன். அதே சமயம் அதற்கு முந்தைய 3.5 (மூன்றாம் பதிப்பின் திருத்திய வடிவம்) ரசிகர்களின் கோபத்தில் பெரும்பகுதி நியாயமானது என்றும் நம்புகிறேன்.

முதலில் ஒரு பூட்டிய கதவை எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்த 3.5-இல், 'நாக்' என்ற இரண்டாம் நிலை மந்திரத்தை விசார்ட் (மந்திரவாதி) ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பகடை உருட்ட வேண்டியதில்லை, பூட்டு திறந்துவிடும். பக்கத்தில் நிற்கும் ரோக் (பூட்டுத் திறப்பதில் கைதேர்ந்த திருடர்) லெவலுக்கு லெவல் பூட்டுத் திறக்கும் திறமையில் புள்ளி போட்டு வளர்த்திருப்பார், ஆனாலும் பகடை சரியாக விழாவிட்டால் தோற்றுப் போவார். நான்காம் பதிப்பு இதே 'நாக்'கைச் சடங்காக மாற்றியது. செய்து முடிக்க 10 நிமிடம் ஆகும், பொருள் செலவும் உண்டு. பின்னால் எதிரிகள் துரத்தி வரும்போது 10 நிமிடத்துக்கு எங்கே போவது? அங்கே ரோக் இல்லாமல் முடியாது. அவரை ஆடுபவருக்கு அந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

அடுத்து குறுகிய நடைபாதை. ஃபைட்டர் (வாள் வீரர்) முன்னால் நிற்கிறார், விசார்ட் பின்னால். இரண்டு ஆர்க்குகள் (அரக்கர் போன்ற எதிரிகள்) ஃபைட்டரைத் தாண்டி விசார்டிடம் போகப் பார்க்கின்றன. 3.5-இல், தாண்டும் ஆர்க்கின் மேல் ஃபைட்டர் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வாளை வீசலாம். அடி பட்டும் அது சாகவில்லை என்றால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது ஆர்க்குக்கு அந்த அடிகூடக் கிடையாது. தடுக்க வேண்டுமென்றால் அதற்கான ஃபீட்களை (கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்களை) முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். நான்காம் பதிப்பு ஃபைட்டர், தாண்டுகிற எதிரியை அடித்துவிட்டால் அவன் மேஜை வரைபடத்தில் அந்தக் கட்டத்திலேயே நிற்க வேண்டியதுதான். அடுத்து வருகிறவனுக்கும் அதே கதி. ஏற்கெனவே ஃபைட்டரின் தாக்குதலில் 'மார்க்' ஆனவன் வேறு யாரை அடிக்கப் போனாலும் அவன் உருட்டலில் 2 குறையும், அருகில் நிற்கும் ஃபைட்டரிடம் ஒரு வெட்டும் வாங்குவான். காவல் காப்பவன் என்று ஃபைட்டரைச் சொல்லிவிட்டு, காவல் காக்கும் வேலையைக் கையிலும் கொடுத்த பதிப்பு இது.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 3.5-இல் பெரிய முடிவுகள் கேரக்டரை உருவாக்கும்போதே எடுக்கப்பட்டுவிடும். எந்த ஃபீட், எந்த பிரெஸ்டீஜ் கிளாஸ் (பின்னால் சேரும் சிறப்பு வகுப்பு), எந்த வரிசையில் என்று பரீட்சைக்குப் படிப்பது போல வீட்டிலேயே படித்துவிட்டு வருகிறவர்தான் மேஜையில் ஜெயிப்பார். அதில் உண்மையான சுகம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நான்காம் பதிப்பில் முடிவுகள் மேஜையில், கட்டத்தின் மேல், அந்த நொடியில் எடுக்கப்படும். லெவல் ஏற ஏற இந்த இடைவெளி பெரிதாகும். 3.5-இல் 17-ஆம் லெவல் விசார்ட் காலத்தையே நிறுத்தலாம். 20-ஆம் லெவல் ஃபைட்டருக்கு இன்னொரு ஃபீட் கிடைக்கும்.

சரி, 3.5 கட்சி என்ன சொல்கிறது? அவர்களுடைய மந்திரங்கள் சண்டைக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. 'கிரீஸ்' என்ற சாதாரண முதல் நிலை மந்திரத்தைப் பாருங்கள். தரையில் போட்டால் எதிரி வழுக்கி விழுவான், வாளில் போட்டால் கையிலிருந்து நழுவும், பிடியில் சிக்கிய நண்பனின் உடையில் போட்டால் அவன் தப்பிக்க வழி பிறக்கும். உலகத்தில் இருக்கும் ஒரு பொருளாக மந்திரத்தை நடத்துகிறது அந்தப் பதிப்பு. நான்காம் பதிப்பின் பவர்களை (கேரக்டர்கள் பயன்படுத்தும் தாக்குதல்கள், மந்திரங்கள்) படித்தால் எத்தனை கட்டம், எவ்வளவு டேமேஜ், எதிரி எங்கே தள்ளப்படுவான் என்பதே முன்னால் நிற்கும். ஃபைட்டர், விசார்ட் என்று எல்லா கிளாஸுக்கும் ஒரே அச்சு வேறு: எப்போதும் பயன்படுத்துவது, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை.

அப்புறம் அந்த 'கம் அண்ட் கெட் இட்' விவகாரம். 7-ஆம் லெவல் ஃபைட்டர் பவர் அது. 3 கட்டத்துக்குள் இருக்கும் எதிரிகள் எல்லோரும் அவர் அருகே வந்து நின்று அடி வாங்குவார்கள். ஒதுங்கி நிற்கும் வில்லாளி எதற்காக வாளை நோக்கி ஓடி வர வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. பிறகு வந்த திருத்தத்தில், எதிரியின் மன உறுதிக்கு எதிராக உருட்டி ஜெயித்தால்தான் இழுக்க முடியும் என்று மாற்றினார்கள். கேள்வி நியாயமானது என்பதற்கு அதுவே சான்று.

சண்டைகள் இழுத்துக்கொண்டே போகும் என்ற புகாரும் உண்மைதான். 2010-இல் வந்த மூன்றாம் மான்ஸ்டர் மேனுவல் (எதிரிகளின் விவரத் தொகுப்பு) எதிரிகளின் கணக்கைச் சரிசெய்யும் முன்பே பலர் போய்விட்டார்கள்.

ஆனால் விதிகள் மட்டும் இவ்வளவு கசப்பை உண்டாக்கியிருக்காது. நான்காம் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்கான முதல் புத்தகத்தில் பார்ட் (பாணர்) இல்லை, ட்ரூயிட் (இயற்கையோடு இணைந்த மந்திரவாதி) இல்லை, நோம் (ஒரு குள்ள இனம்) இல்லை, 2009-இல்தான் வந்தார்கள். பல வருடம் ட்ரூயிடாக ஆடியவர் அதுவரை என்ன செய்வார்? ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கதை உலகத்தையே சுமார் நூறு வருடம் முன்னே தள்ளி, பழக்கமான நாடுகளையும் தெய்வங்களையும் அழித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே உரிமம். 2000-இல் இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் தந்த திறந்த உரிமத்தை (பிறரும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போடலாம் என்ற அனுமதியை) நம்பி எத்தனையோ சிறு பதிப்பகங்கள் வளர்ந்தன. நான்காம் பதிப்புக்கு வந்ததோ கறாரான வேறு உரிமம். அதற்கு முன்பே, 2007-இல், டிராகன், டன்ஜன் இதழ்களை அச்சிட்டு வந்த பைசோ பதிப்பகத்திடமிருந்து அவை திரும்பப் பெறப்பட்டிருந்தன. பைசோ பழைய திறந்த உரிமத்தின் மேலேயே 3.5-ஐச் செப்பனிட்டு 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டரை வெளியிட்டது. 3.5 ரசிகர்களுக்குப் போக ஒரு வீடு கிடைத்தது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 3.5-இன் முகத்தோடு வந்து நான்காம் பதிப்பின் பல எலும்புகளை உள்ளே வைத்துக்கொண்டது. விசார்ட் திரும்பத் திரும்பப் போடக்கூடிய கேன்ட்ரிப் என்ற சிறு மந்திரங்கள், சிறு ஓய்வில் தானே காயம் ஆற்றிக்கொள்வது எல்லாம் அங்கிருந்து வந்த வாசனைதான். ஆனால் நடைபாதையைக் காக்கும் அந்த ஃபைட்டரை அது அடிப்படை விதியில் முழுசாகத் திருப்பித் தரவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

இன்று புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு என் யோசனை இது. விதியைப் படித்துப் படித்துக் கேரக்டர் செதுக்குவதில் ஆசை உள்ளவர்கள், கதவைத் திறக்க ஒன்பது வழி யோசிப்பவர்கள், 3.5-ஐயோ பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பையோ எடுங்கள். 10-ஆம் லெவலைத் தாண்டும்போது ஃபைட்டர் ஆடுபவரைக் கொஞ்சம் கவனியுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கட்டத்தின் மேல் வியூகம் வகுக்க விரும்பினால் நான்காம் பதிப்பு. மூன்றாம் மான்ஸ்டர் மேனுவலோடு ஆடுங்கள், முதல் மான்ஸ்டர் மேனுவலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.